கோனார் உரை இல்லாத நாவல்

மகள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் வெறும் பி.காம். என்று போட்டால் மொட்டையாக இருக்கும் என்பதால்தான், தலை நரைத்த பிறகு அஞ்சல் வழியில் எம்.ஏ. ஆங்கிலம் சேர்ந்தேன். வெளியே கேட்டால் இலக்கிய ஆர்வம் என்பேன். ஊட்டி அருகே பைக்காராவில் மின்வாரியக் கணக்குப் பிரிவில் இருப்பவனுக்கு அப்படியொரு ஆர்வம் வந்ததாகச் சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஜூன் மழை பிடித்துக்கொண்டால் இங்கே எதிர்க் குவார்ட்டர்ஸ்கூடக் கண்ணுக்குத் தெரியாது. அந்த மழையில் வேறு என்னதான் செய்வது?

பள்ளிக்கூடம் தொடங்கி நான் எந்தப் பாடநூலையும் முழுசாகப் படித்துத் தேறியவனில்லை. தமிழுக்குக் கோனார் உரை, மற்றதுக்கு அந்தந்தக் கைடு. எம்.ஏ. முதலாண்டும் அப்படியே ஓடிவிட்டது. இரண்டாம் ஆண்டில் சிறார் இலக்கியம் என்றொரு தாள் வந்து மாட்டியது. அதில் ஜெர்ரி ஸ்பினெல்லி என்ற அமெரிக்கர் 2003-இல் எழுதிய ‘மில்க்வீட்’ நாவல். ஊட்டியில் அதற்குக் கைடு இல்லை. கோவைக்குப் போனவர்களிடம் சொல்லியனுப்பியும் கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் நாவலையே படிக்க வேண்டியதாகிவிட்டது.

கதை வார்சா நகரத்தில் நடக்கிறது. அப்பா, அம்மா, பெயர், வயது எதுவும் தெரியாத ஒரு பொடியன். ரொட்டி திருடி வயிறு வளர்க்கிறான். ஜெர்மன் படை ஊருக்குள் நுழையும்போது அவர்களுடைய பளபளக்கும் பூட்ஸைப் பார்த்து மயங்கி, தானும் அப்படி ஆக வேண்டும் என்று ஆசைப்படுகிறான். நான் பென்சிலை எடுத்து ஓரத்தில் ‘முட்டாள் பையன்’ என்று எழுதினேன். நாலு பக்கம் தள்ளி ‘மறுபடியும் முட்டாள்’. விவரம் தெரியாத பிள்ளை வாயால் சொல்ல வைத்து, விவரம் தெரிந்த நம் வயிற்றைக் கலக்குவதுதான் அந்த எழுத்தாளர் செய்த வேலை என்பது எனக்குப் பாதிப் புத்தகம் வரை உறைக்கவில்லை. பையனைத் திருத்துகிற வாத்தியாராகவே வாசித்துக்கொண்டு போனேன்.

அடுத்த கூத்து, கடைசிப் பக்கங்களை முதலில் புரட்டியது. பையன் பிழைத்து, அமெரிக்காவுக்குப் போய், கிழவனாகி, பேத்தியோடு இருக்கிறான். அப்பாடா என்று புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்கப் போனேன். கதை கேட்டுக்கொண்டிருந்த மனைவி, “அவன்கூடச் சுத்துமே ஜனினான்னு ஒரு புள்ள, அதுக்கு என்னாச்சுங்க?” என்றாள். நான் பார்க்கவில்லை. நாஜிகள் நடத்திய படுகொலையில் செத்த யூதக் குழந்தைகள் ஏறக்குறைய 15 லட்சம் என்பதை மட்டும் மனப்பாடமாக ஒப்பித்தேன். “நான் ஒரு புள்ளையைத்தான் கேட்டேன்” என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நாவலில் ஊரி என்ற பெரிய பையன் இந்தப் பொடியனுக்கு ஒரு பெயரையும், அப்பா அம்மா அண்ணன் தம்பியோடு ஒரு பூர்வ கதையையும் இட்டுக்கட்டித் தருவான். பையன் அதை உண்மையென்றே பிடித்துக்கொள்வான். இது நம்பும்படியாக இல்லை என்று மனைவியிடம் தீர்ப்புச் சொன்னேன். அவள் குடும்பம், இலங்கைத் தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் அங்கிருந்து கப்பலேறி, மண்டபம் கேம்ப் வழியாக டான்டீ தேயிலைத் தோட்டத்துக்கு வந்தது. “எங்க அப்பாவோட பொறந்த தேதியே கேம்ப்ல எழுதிக் குடுத்ததுதான். அவர் சாகிறவரைக்கும் அதைத்தான் சொன்னார்” என்றாள். அந்த அவதியையும் வார்சாவையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் மாமனாரின் பென்ஷன் தாளை எத்தனையோ முறை நிரப்பிக் கொடுத்த கணக்குப் பிள்ளைக்கு அந்தத் தேதி எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் போனது மட்டும் உறுத்தியது.

ஒப்படைப்புக் கட்டுரையில் என் தொழில் புத்தியைக் காட்டினேன். 1940 நவம்பரில் ஜெர்மானியர்கள் வார்சா கெட்டோவை, அதாவது யூதர்களைக் குடிவைத்த பகுதியை, அடைத்தார்கள், பத்தடி உயரச் சுவர், 3.4 சதுர கிலோமீட்டருக்குள் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள். 2011 கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டத்தின் மொத்த ஜனமே 7,35,394 என்பதால், அதில் பாதிக்கு மேலானவர்களை அந்த இடத்துக்குள் அடைத்துப் பாருங்கள் என்றும் எழுதினேன். ரேஷன் கலோரி, தண்டனைச் சட்டம் எல்லாம் வரிசையாக வந்தன. 1941 அக்டோபரிலிருந்து கெட்டோவை விட்டு அனுமதியில்லாமல் வெளியேறினால் மரணம் என்று எழுதியவன், அந்தச் சட்டம் இருக்கும்போதே சுவர் ஓட்டை வழியாகப் போய் ரொட்டி கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள் என்பதை எழுதவில்லை. நாவலே அதைப் பற்றித்தான்.

இன்னொன்றும் எழுதியிருந்தேன். நாவலில் அனாதை இல்லம் நடத்தும் டாக்டர் கோர்ச்சாக் ‘மிகையான கற்பனைப் பாத்திரம், இவ்வளவு நல்லவர் உலகத்தில் கிடையாது’ என்று. திருத்தியவர் அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். அந்தக் கேள்விக்குறிக்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். யானுஷ் கோர்ச்சாக் ரத்தமும் சதையுமான மனிதர். குழந்தை மருத்துவர், குழந்தைகளுக்குக் கதை எழுதியவர், வானொலியில் கிழட்டு டாக்டராகப் பேசிப் புகழ்பெற்றவர். தப்பிக்க வழி செய்து தருகிறோம் என்று நண்பர்கள் அழைத்தபோதும், பிள்ளைகளை விட்டு வர மறுத்தவர். 1942 ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஏறக்குறைய 200 பிள்ளைகளோடு நடந்து போய் ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்குப் போகும் ரயிலில் ஏறினார். யாரும் திரும்பவில்லை.

அதற்குச் சில வாரம் முன்பு, ஜூலை 18 அன்று, அந்தப் பிள்ளைகள் கெட்டோவுக்குள் ஒரு நாடகம் போட்டார்கள். கோர்ச்சாக் தேர்ந்தெடுத்தது தாகூருடைய ‘தபால் நிலையம்’. வைத்தியர் கட்டளைப்படி அறைக்குள் அடைபட்டுக் கிடக்கும் அமல், ஜன்னல் வழியே போகிறவர் வருகிறவரிடம் பேசிக்கொண்டு, ராஜாவின் கடிதத்துக்குக் காத்திருப்பான். அவனும் தாய் தகப்பன் இல்லாமல் வளர்ப்பு வீட்டில் இருக்கிறவன். சாவைக் கண்டு பிள்ளைகள் மிரளாமலிருக்க அதைப் போட்டார் என்று சொல்கிறார்கள். எனக்கு இதில் ஒரு தனிப்பட்ட அவமானம் இருந்தது. முதலாண்டுத் தாளில் இதே நாடகத்துக்கு ‘ஆன்மா இறைவனை நாடும் தத்துவம்’ என்று பக்கம் பக்கமாக எழுதி 60-க்கு மேல் வாங்கியிருக்கிறேன். நாடகத்தை ஒரு வரிகூடப் படிக்காமல், கைடிலிருந்து அப்படியே.

மரம் விழுந்து கம்பி அறுந்த ஒரு ராத்திரி, 1932-லேயே மின்சாரம் எடுக்கத் தொடங்கிய ஊரில், மெழுகுவத்தி ஏற்றிவைத்து அந்த நாடகத்தைப் படித்தேன். மனைவிக்கும் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரே உட்காரலில் முடிந்தது. தத்துவம் எதுவும் எனக்குத் தட்டுப்படவில்லை. வெளியே போக ஆசைப்படும் ஒரு பையன் இருந்தான், அவ்வளவுதான்.

சிறார் இலக்கியத் தாளில் நான் தேறவில்லை. டிசம்பரில் மறுபடி எழுத வேண்டும். நாவல் என்னிடம் இருக்கிறது. ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் வழியில் பைக்காராவில் இறங்குகிறவர்கள் யார் கேட்டாலும் தருகிறேன். ஓரத்தில் பென்சிலால் இருப்பதை மட்டும் படிக்காதீர்கள். ரப்பர் வைத்து அழித்துக்கொடுத்தால் இன்னும் நல்லது.