அடங்குமாம், பார்த்துக்கொண்டு இரு!

பேரா, குறை நினையாதே. முற்றத்தில் துருப்பிடித்த இரும்புக் குழாயை நிமிர்த்தி, கீழிருந்து கால்வாசி உயரத்தில் கம்பிவலையைச் செருகி, அதைச் சிவக்கக் காய்ச்சி நெருப்பை எடுத்தாயே, அப்ப அது கூவின கூவலில் உன் ஆச்சி திரௌபதை அம்மன் கோயில் சங்கென்று கையெடுத்துக் கும்பிட்டாள். படுக்கப் போட்டதும் வாயை மூடிக்கொண்டது. 1859இல் ரைக்கே என்ற ஒல்லாந்தர் கண்ட வித்தையாம். கற்பிட்டியில் ஒல்லாந்தர் கோட்டை கட்டினது தெரியும், குழாயும் ஊதினார்களா!

காற்று அமுங்கிற நேரம் பார்த்துச் சூடு சேர்ந்தால் ஓசை வளரும் என்று றேலி பிரபு சொன்னாராம். உடப்பில் கரைவலை இழுக்கிறவனுக்கு இதைச் சொல்லப் பிரபு வேணுமா? அம்பாப் பாட்டின் அடிக்கு எல்லாரும் ஒருமிக்க இழுத்தால் மடி கரைக்கு வரும். அடி தப்பினால் இடுப்புத்தான் நோகும்.

அதெல்லாம் சரி. நேற்று மார்தட்டினாய் பார்: “தாத்தா, என் கணக்கில் எல்லா அலையும் தேயுது, சிஸ்டம் ஸ்டேபிள்!”

தேயட்டும் ராசா. ஒரு கயிற்றை இரண்டு பேர் சம பலத்தில் எதிரெதிரே இழுக்கிறாங்கள். கயிறு அசையாது, பார்க்கிறவனுக்குச் சமாதானம். இரண்டு பேரும் களைக்கிறவங்கள்தான். ஆனால் ஒருத்தன் முந்திக் களைத்துவிட்டால்? யாருக்கும் புதுப் பலம் வரவில்லை, கயிறு மட்டும் பறக்குது. கடைசியில் இரண்டு பேரும் மணலில் விழுவாங்கள், உன் கணக்குப் பலிக்கும். இடையில் போன பல்லுக்கு யார் பொறுப்பு?

சென்னை ஐஐடியில் கௌஷிக் பாலசுப்ரமணியனும் ஆர். ஐ. சுஜித்தும் 2008இல் இந்தக் குழாய்க்கே காட்டின கணக்கு இது என்று சொன்னவனே நீதானே. ஒன்றுக்கொன்று செங்குத்தாய் இல்லாத அலைகள் முதலில் ஒன்றையொன்று மறைத்து நிற்கும். ஒன்று கெதியாய்த் தேய்ந்தால் மற்றது வெளியே தலை நீட்டும். அப்படி ஏறின ஏற்றம் ஓர் எல்லையைத் தாண்டினால் பிறகு இறங்காது, ஓயாத ஊளைதான். ஓதினவனும் நீ, மறந்தவனும் நீ. கடைசியில் அடங்குமா என்று மட்டும் கேட்டால் போதாது, அதற்கு முன் எவ்வளவு உயரம் ஏறும் என்றும் கேள்.

அதற்காக நுரைச்சோலை மின்நிலையத்துப் பக்கம் கை நீட்டாதே. அங்கே 900 மெகாவாட்டும் நிலக்கரி கொதிக்கவைக்கிற நீராவியில் வருது. சூடும் ஓசையும் சேர்ந்து ஊளையிடுகிற இந்த வியாதி பெரும்பாலும் வாயுச் சுழலிக்கும் ராக்கெட்டுக்கும்தான். நிலவுக்கு ஆள் அனுப்பின எஃப்-1 என்ஜின்காரர் தாளை நம்பிக் குந்தியிருக்கவில்லை. 1960களில், என்ஜின் எரியும்போதே உள்ளே சின்ன வெடி வைத்துக் குலுக்கினார்கள். செக்கனில் பத்தில் ஒரு பங்குக்குள் ஆட்டம் அடங்கும்வரை விடவில்லை. அவங்களுக்கு ஆச்சி இல்லைப்போல.

நீ செருகின கம்பிவலை, உன் ஆச்சி மீன் சுடுகிற வலை. காலையில் ஏசினது கொஞ்சம் தணிந்திருக்கு. அதை நம்பிக் குசினிப் பக்கம் போய்விடாதே. இரவைக்கு மீன் கழுவிக்கொண்டிருக்கிறாள்.