திகனக் கதிரையும் முதுகின் உரிமையும்: சாய்வியல் நோக்கில் ஓர் ஆய்வு

கதிரையின் முதுகைப் பற்றித் தமிழில் ஒரு தனிநூல் கைக்கெட்டிய தூரத்தில் இல்லை. கைக்கெட்டிய தூரம் என்பது, ஈண்டு, சாய்ந்தபடி எழும்பாமல் எட்டக்கூடிய தூரம் என்று கொள்க. இக்குறையைப் போக்கும் பொருட்டு, கண்டியிலிருந்து மகியங்கனை போகும் ஏ26 வீதியில், திகனக்குச் சற்று முன்னால் பிரியும் ஓர் ஒழுங்கையில் உள்ள தச்சுப் பட்டறை ஆய்வுக்களமாகத் தெரிவு செய்யப்பட்டது. அங்கே ஒரு பாஸ் பலா மரத்தில் கையாலேயே ஒரு கதிரை செதுக்கிக்கொண்டிருந்தார். கடைந்த காலும் ஒட்டுப் பூவேலையும் உள்ள கடைக் கதிரை அன்று. காலிலிருந்து கைக்கும், கையிலிருந்து முதுகுக்கும் ஒரே வளைவாக ஓடி, மூட்டு எங்கே முடிகிறது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாத சிற்பக் கதிரை.

எமது எடுகோள் வருமாறு: கதிரை என்பது முதுகே; கால், கை, இருக்கை யாவும் அதன் பரிவாரம். அற்றேல், கதிரை இருப்பதற்கன்றோ எனின், அன்று. இருப்பதற்குத் திண்ணை போதும், கல் போதும், பஸ் தரிப்பிடத்துக் கட்டை போதும். மனிதன் கதிரையைத் தேடிப் போனது சாய்வதற்கே என்க.

இந்த உண்மையைப் பேராசிரியர் எவருக்கும் முன்பே கண்டி மன்னர்கள் அறிந்திருந்தனர். 1660இல் பிடிபட்டு ஏறத்தாழ இருபது வருடம் கண்டி இராச்சியத்தில் அடைபட்டுக் கிடந்த றொபர்ட் நொக்ஸ், தப்பிப்போய் 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலில், இங்கத்தைய வீடுகளின் தட்டுமுட்டுச் சாமான்களை எண்ணிக் காட்டுகிறார். பட்டியல் மிகச் சிறியது. ஒன்றிரண்டு பீடங்கள் உண்டு. அவற்றுக்கு முதுகு கிடையாது. முதுகு வைத்த பீடத்தில் அரசன் ஒருவனே அமரலாம். அதாவது ஒரு முழு இராச்சியத்தில் முறைப்படி சாயத்தக்க முதுகு ஒன்றே ஒன்று. ஏனைய முதுகுகள் சுவரிலோ மரத்திலோ விதியிலோ சாய்ந்துகொண்டன.

அந்த ஒற்றை முதுகுக்கு ஒல்லாந்தர் செய்த உபகாரமும் பதிவாகியிருக்கிறது. 1690களில் ஆளுநர் தோமஸ் வான் றீ, இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு ஒரு சிம்மாசனம் அனுப்பினார்: மரச்சட்டம், மேலே பொன் தகடு, மணிக்கற்கள், சிங்க உருவம் கொண்ட கைகள். கண்டி அவைக்கு வரும் ஐரோப்பியத் தூதர் முழந்தாளிட வேண்டும் என்பது விதி. 1762இல் சென்னையிலிருந்து வந்த ஆங்கிலேயத் தூதர் ஜோன் பைபஸும் அதற்குத் தப்பவில்லை. தமக்கு ஒரு பலகைக்கட்டைகூடப் போடாத அவைக்குப் பொன்னால் முதுகு செய்து அனுப்பியவர்களின் மனநிலை தனி ஆய்வுக்குரியது. 1815இல் ஆங்கிலேயர் அரசனையும் சிம்மாசனத்தையும் பிரித்துக் கொண்டுபோயினர். ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் வேலூருக்குப் போய் 1832இல் அங்கேயே இறந்தான். சிம்மாசனம் வின்ட்சர் மாளிகைக்குப் போய் 1934இல் திரும்பி வந்து, இப்போது கொழும்புத் தேசிய நூதனசாலையில் யாரும் உட்காராமல் இருக்கிறது. உட்கார்ந்தவன் திரும்பாவிட்டாலும் கதிரை திரும்பும் என்பது இதனாற் பெறப்படும்.

அரசனுக்குப் பின் சாய்வுரிமை தோட்டத்துரையிடம் போயிற்று. பங்களா விறாந்தைகளில் கிடக்கும் நீண்ட கைவைத்த சாய்மனைக் கதிரையை வாசகர் அறிவர். அந்தக் கைகள் கைகளுக்காக நீண்டவை அல்ல; சப்பாத்தோடு கால்களைத் தூக்கிப் போடுவதற்காக நீண்டவை. ஒரு மனிதன் தன் உறுப்புகள் அனைத்தையும் ஒருசேரக் கதிரையிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு இவ்வளவு பூரணமாக வேறெங்கும் அமையவில்லை. அதே காலத்தில் தோட்டத்து ஒபிஸ் ஜன்னலில் பெயர் பதியவும், கைக்காசு கேட்கவும் வந்தவர்கள் நின்றார்கள். இலயத்துக் காம்பராவுக்குள் கதிரை வெகு தாமதமாகத்தான் நுழைந்தது. பெரும்பாலும் பிளாஸ்டிக்காக நுழைந்தது. அந்த வெள்ளைக் கதிரையை எள்ளி நகையாடும் அழகியலாளருடன் இவ்வாய்வாளர் உடன்படார். அதற்கு முதுகு உண்டு. அடுக்கி வைக்கலாம். கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் அதேதான் வாடகைக்கு வருகிறது. நொக்ஸ் இன்று வந்தால், நாடு முழுக்க அரசர்கள் என்று எழுதிவிட்டுப் போவார்.

இனி மரம். முதிரை அழகுதான், கருங்காலி கனதிதான். ஆயினும் பாஸ் பலாவை விடவில்லை. 1951ஆம் ஆண்டின் மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைக் காக்கிறது. சொந்த வளவில் நின்றாலும் பலாவை அனுமதியின்றித் தறிக்க இயலாது. ஆதலால் கதிரையின் முதல் வெட்டு வாளால் விழுவதன்று, பேனையால் விழுவது: கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம், ஒரு கையொப்பம், பிறகு இன்னொரு கையொப்பம். மரம் காய்வதும் அவசரத்துக்கு அடங்காது. அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது தச்சர் வாய்ப்பாடு. காய்ந்த பிறகும் மரம் சும்மா இருக்காது. நீளவாட்டில் அசையாத பலகை, குறுக்குவாட்டில் மழைக்கு விரிந்து வெயிலுக்குச் சுருங்கும். இதைக் கவனியாமல் இறுக்கிப் பூட்டிய இருக்கை முதல் வருடத்திலேயே வெடிக்கும். அதை வாடிக்கையாளர் தச்சனின் பிழை என்பார், தச்சன் காலநிலை என்பார், இருவரும் சரி.

செதுக்கலில் கண்டிக்குப் பரம்பரைப் பெருமை உண்டு. எம்பெக்கே தேவாலயத்தின் 14ஆம் நூற்றாண்டு மரத்தூண்களில் மல்லர் கட்டிப் புரள்கிறார்கள், அன்னங்கள் கழுத்தைப் பின்னிக்கொள்கின்றன, தாய் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள், கழுகுக்கு இரண்டு தலை. புவிச்சரிதவியல் படித்துவிட்டுக் கலைக்குள் இறங்கிய ஆனந்த குமாரசுவாமி, 1908இல் கண்டிக் கைவினைகளைப் பற்றி வெளியிட்ட பெருநூலை 425 பிரதிகளே அச்சிட்டார். அதனால் அந்தப் பெருமை உரிய அளவுக்குப் பரவாமற் போயிற்று. எனினும் தூண் வேறு, கதிரை வேறு. தூணை ரசிப்பவர் எதிரே நிற்கிறார். கதிரையை ரசிப்பவரோ அதன்மேல் ஏறி அதை மறைத்துவிடுகிறார். சரியான சுவைஞன் வந்து சேர்ந்த கணத்தில் பார்வையிலிருந்து மறைந்துபோகும் சிற்பம் இது ஒன்றே. கண்ணுக்காகச் செதுக்குவதும் பிட்டத்துக்காகச் செதுக்குவதும் ஒன்றல்ல என்பதைக் கலை விமர்சனம் இன்னும் ஏற்கவில்லை. விமர்சகர்கள் உட்கார்ந்துகொண்டே எழுதுவது இதற்குக் காரணமாகலாம்.

பாஸ் இருக்கையைக் குழிக்கும் விதத்தை இங்கே விரித்துரைத்தல் தகும். முதலில் வளைந்த உளியால், மரத்தின் ஓட்டத்துக்குக் குறுக்கே, கொட்டாப்புளி அடியில் பெருஞ்சில்லுகள். உடம்பின் பாரம் இறங்கும் இரண்டு எலும்புகளுக்கும் இரண்டு பள்ளம். நடுவில், குதிரைச் சேணம் போல, மெல்லிய மேடு. அடுத்து அரம். அதன்பின் உடைந்த கண்ணாடித் துண்டின் விளிம்பால் சுரண்டல். தாளிலும் மெல்லிய சுருள் எழும்பும். சாண்ட்பேப்பர் கடைசியில்தான். இந்தக் கட்டங்கள் முழுவதிலும் அவர் பார்ப்பது குறைவு. வேறெங்கோ பார்த்தபடி உள்ளங்கையை ஓடவிடுவார், ஓரிடத்தில் நிறுத்துவார், அங்கே பென்சிலால் ஒரு புள்ளி.

உலகளவில் இத்துறையின் மூத்தவர் சாம் மலூஃப். 1916இல் பிறந்து 2009இல் மறைந்தவர். லெபனான் குடியேறிகளின் மகன். கலிபோர்னியாவில் வால்நட் மரத்தில் ஆடுகதிரை செய்தே பெயர் பெற்றவர். இருக்கையின் மூலையை வெட்டி, காலில் அதற்கேற்ற வாய் எடுத்து, ஒன்றுக்குள் ஒன்றைப் பூட்டி, பூட்டிய இடத்தையே வளைவாகச் செதுக்கிவிடுவது அவர் முறை. அமெரிக்க ஜனாதிபதிமார் அவர் கதிரைகளை வைத்திருந்தனர். அவரோ தம்மை மரவேலைக்காரன் என்றே சொல்லிக்கொண்டார். 1985இல் மக்ஆர்தர் நல்கை அவருக்குக் கிடைத்தது. அதே 1985இல்தான், பழைய தெல்தெனிய நகரை நீருக்கடியில் ஆழ்த்திய விக்டோரியா அணை திகனக்கு அருகே திறக்கப்பட்டது. இரண்டுக்கும் தொடர்பில்லை. இதைவிட மெலிந்த தொடர்புகளுக்குக் கலாநிதிப் பட்டம் கிடைத்திருப்பதால் குறித்து வைக்கிறோம்.

நான்காம் காலின் பிரச்சினை தனியானது. மூன்று கால் எந்தத் தரையிலும் ஆடாது. மூன்று புள்ளிகளுக்கு ஒரு தளம் எப்போதும் உண்டு. வம்பு நான்காவதால் வருகிறது. சமநீளமான நான்கு கால்கள் சதுரமாக நிற்கும் மேசையை, மட்டுக்கு மீறிய சரிவில்லாத எந்த மேடுபள்ளத் தரையிலும், கால்வட்டத்துக்குள் சுழற்றி ஆடாமல் நிறுத்தலாம் என்று கணிதவியலாளர் நிறுவியுள்ளனர். கதிரைக்கு இத்தேற்றம் உதவாது. சுழற்றிய இடத்தில் ஆள் தொலைக்காட்சிக்குப் பக்கவாட்டில் இருக்க நேரும். திகனயில் இன்னொரு சிக்கல். 2020 ஆகஸ்ட் 29ஆம் திகதி இரவு இப்பகுதியில் நிலம் அதிர்ந்தது. டிசம்பர் வரை விட்டுவிட்டு அதிர்ந்தது. புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம் வந்து ஆராய்ந்தது. அன்று தொட்டு இவ்வூரில் ஆடும் கதிரைக்கு இரண்டு விளக்கம் உண்டு. தச்சனோடு சண்டைக்குப் போகுமுன் பல்லேகலை நிலநடுக்கமானியின் பதிவைப் பார்த்துவிடுவது நல்லது. “கால் நாலும் மட்டம்தான் சேர், நீங்க பூமியப் பாருங்க” என்பது பாஸின் நிலைப்பாடு.

இறுதியாகச் சாய்வுக் கோணம். 90 பாகை பரீட்சை மண்டபத்துக்கு. 100ஐ ஒட்டினால் பேச்சு நடக்கும். 110ஐத் தாண்டினால் பத்திரிகை முகத்தில் விழும். இக்கதிரையைச் செய்யக் கொடுத்தவரும், ஆய்வின் ஒரே மாதிரியும், ஓய்வுபெற்ற அதிபரான எமது மாமா. அவரை ஒரு பழைய வாங்கில் இருத்தி, முழங்காலின் பின்மடிப்பிலிருந்து தரை வரை ஒரு குச்சியால் பாஸ் அளந்தார். பதினேழு அங்குலத்தை ஒட்டி வந்தது. முதுகை அளக்கும்போது மாமா காலைக் கூட்டத்தில் கொடியேற்ற நிற்பவராக விறைத்துக்கொண்டார்.

“சேர், சும்மா இருங்க.”

“சும்மாதானே இருக்கேன்.”

“அளக்கிறதுக்கு இருக்கிறீங்க. அப்பிடி இல்லாம, சும்மா.”

பலனில்லை. பாஸ் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, உள்ளே போய்ப் பிளேன்டி கொண்டுவந்து கொடுத்து, ஓய்வூதியத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். மாமா பேசப் பேச முதுகு மெல்ல இளகி, தோள் சரிந்து, இடுப்பு முன்னே நகர்ந்தது. பாஸ் பின்னால் போய்ப் பலகையில் ஒரே கோடு இழுத்தார். பேராதனையில் இதற்கொரு கருவி இருந்தாலும் இவ்வளவு நுட்பமாக இராது.

கதிரை முடிந்து வீட்டுக்கு வந்தது. இக்கட்டுரையின் அட்டவணைக்காக முடிவான கோணத்தைப் பதிவு செய்ய முற்பட்டோம்.

“மாமா, ஒரு நிமிஷம் எழும்புங்க. முதுகை அளக்கணும்.”

“அளந்து என்ன செய்யப் போறீங்க, மருமகன்?”

“கட்டுரைக்கு.”

“இருக்கிறபடியே எழுதுங்க.”

அவர் எழும்பவில்லை. மறுநாள் காலையில் பத்திரிகையோடு வந்து எமக்கு முன்பே அமர்ந்துவிட்டார். ஆகவே அட்டவணையில் கோணத்துக்குரிய நிரல் வெறுமையாக விடப்படுகிறது. ஒப்பீட்டாய்வுக்கென இரண்டாவது கதிரைக்குப் பாஸிடம் முற்பணம் கொடுத்தாயிற்று; பலாவுக்கான விண்ணப்பம் பிரதேச செயலகத்தில் இருக்கிறது.