குழலின் நீளமும் விண்ணப்பத்தின் நீளமும்

பொழுதுபோக்காகக் குறிபார்த்துச் சுட விரும்புவோர்க்கு உலகெங்கும் முதலில் பரிந்துரைக்கப்படுவது .22 ரைஃபிள், 1887-இல் அறிமுகமான அதன் லாங் ரைஃபிள் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அடிப்பாகத்தின் நடுவில் அல்லாமல் விளிம்புக்குள் அடைக்கப்பட்டிருப்பதால், அதை விளிம்புவெடித் தோட்டா எனலாம். ஒவ்வொரு முறையும் கையால் தாழை இழுத்துத் தோட்டா ஏற்றுவது நல்லதா, தானே ஏற்றிக்கொள்வது நல்லதா என்று பிற நாட்டார் ஆண்டுக்கணக்கில் வாதாடுவர். மலேசியாவின் பிறை நகரவாசிக்கோ அந்தத் தலைவலி இல்லை. 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமத்தைக் காவல்துறைத் தலைமையின் கையில் வைத்திருப்பதால், குழலின் நீளத்தைவிட விண்ணப்பத்தின் நீளமே அங்கு ஆராயத்தக்கது. உரிமமின்றி வைத்திருந்தாலோ, 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. 50 மீட்டர் தொலைவிலுள்ள 10.4 மில்லிமீட்டர் இலக்கு வட்டத்திற்காக உடம்பை இவ்வளவு பணயம் வைப்போர் அரிது. காற்றுத்துப்பாக்கிக்கு மாறித் தப்பலாம் என்பாரையும் சட்டம் விடுவதில்லை, ஏனெனில் 'ஆயுதம்' என்பதன் வரையறைக்குள் அதுவும் அடங்குகிறது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மலேசியாவின் நூர் சூர்யானி தைபி எட்டு மாதக் கருவைச் சுமந்தபடி குறிபார்த்தது காற்றுத்துப்பாக்கியால்தான்; ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு தேசிய அணி நின்றது, பிறைவாசிக்குப் பின்னால் வரிசைதான் நிற்கும்.