வழக்குதான் பாக்கி

அமெரிக்காவில் பரோலில் வருகிறவர் சின்ன டப்பாவில் சிறுநீர் பிடித்துக் கொடுத்து, போதை மருந்து தொடவில்லை என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அதனால் ஊருக்கு என்ன லாபம்? நம் நீதித்துறை விவரமானது. 2017-இல் அரியலூர் மாவட்ட நீதிபதி, ஜாமீன் வேண்டுமா, 100 சீமைக் கருவேல மரங்களை வெட்டு என்றார். குற்றமும் கழியும், கண்மாயும் வெளுக்கும்.

இந்தத் திட்டத்துக்கு அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்தை விட்டால் தோதான இடம் ஏது? கண்மாயில் தண்ணீர் இல்லாவிட்டாலும் கருவேலுக்குப் பஞ்சமில்லை. ஒரே சிக்கல், இருக்கிற மரத்துக்குக் குற்றவாளிகள் போதாது. அடிதடிக்கு 100, ஆட்டுத் திருட்டுக்கு 200, மணல் கொள்ளைக்கு ஒரு கண்மாய் என்று கட்டண விவரம் எழுதி ஸ்டேஷன் வாசலில் மாட்டலாம். பொதுநலத்தில் அக்கறையுள்ள இளைஞர்கள் தாமாகவே முன்வருவார்கள். தூரோடு தோண்டாமல் வெட்டினால் அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும் என்று சிலர் குறை சொல்கிறார்கள். அதுதானே விசேஷம்? அடுத்த ஜாமீனுக்கு மரம் வேண்டாமா?

விசாரித்ததில் ஒரு பெரிய முறைகேடு தெரியவந்தது. இந்தச் சீமையில் கை நிறைய முள் தைக்க, வருஷக்கணக்காகக் கருவேல் வெட்டி, மூட்டம் போட்டு, கரி அள்ளிப் பிழைக்கிறவர்கள் ஏராளம். ஒருவர் மீதும் வழக்கு இல்லை. நிபந்தனையை முன்கூட்டியே நிறைவேற்றிவிட்டு, குற்றம் செய்யாமல் ஏமாற்றுகிறார்கள். போலீஸ் சும்மா விடலாமா?