நாற்பது வயதும் நாற்பது வளைவும்

கோயம்புத்தூரில் ஓர் ஆணுக்கு நாற்பது வயது தாண்டியதும் டாக்டர் சர்க்கரையைக் குறைக்கச் சொல்கிறார். சாதாரண மனிதர்கள் காபியில் குறைத்துக்கொள்கிறார்கள். இன்னொரு ரகம் மூன்று லட்ச ரூபாய்க்குச் சைக்கிள் வாங்குகிறது.

தெருமுனைக் கடையில் கொத்துமல்லித்தழை வாங்கி வரச் சொன்னால் கார்ச்சாவியைத் தேடுகிறவர் இவர். இதே ஆள்தான் ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் எழுந்து ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு மிதிக்கப் போகிறார். 40 கொண்டை ஊசி வளைவுகள். ஊர் இருப்பது கடல்மட்டத்துக்கு மேல் 3,500 அடியில். சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக் காடு. கோவையிலிருந்து அடிவாரத்துக்கே அறுபது கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. சமதளத்தில் மிதித்துக் காலை வீணாக்குவானேன் என்று சைக்கிளைக் காரின் தலையில் கட்டிக்கொண்டு போகிறார். ஆக, முதல் அறுபது கிலோமீட்டருக்குச் சைக்கிளுக்கும் டீசல் செலவு உண்டு.

உடையைப் பார்த்தால் ஆளைச் சொல்லிவிடலாம். உடம்பில் எதையும் மறைக்காத ஒரு சட்டை; உட்காரும் இடத்தில் மெத்தை தைத்த கால்சட்டை. ஐம்பத்தைந்து கிலோ இத்தாலியப் பந்தய வீரனை மனத்தில் வைத்துத் தைத்ததை எண்பத்தைந்து கிலோ உடம்பில் ஏற்றியிருக்கிறார். "ஏனுங்க, இதோடயேவா டீக்கடையில நிப்பீங்க?" என்று மனைவி கேட்டதற்கு, "காத்தைக் கிழிக்கணுமில்ல?" என்று பதில் சொன்னார். காற்றைக் கிழிக்கும் வேகம் இவருக்கு வருவது இறக்கத்தில் மட்டும்தான். ஏறும்போது மணிக்கு எட்டு கிலோமீட்டர். அந்த வேகத்தில் காற்று இவரைக் கண்டுகொள்வதே இல்லை.

சைக்கிளுக்கு மூன்று விலைகள் உண்டு. வீட்டில் சொன்னது அறுபதாயிரம். டீக்கடையில் கேட்டால் "அது ஆகுமுங்க, ஒரு பதினஞ்சாயிரம்." உண்மை விலை கூட ஓட்டுகிற நண்பர்களுக்கு மட்டும் தெரியும், அங்கே கொஞ்சம் கூட்டிச் சொல்வதும் உண்டு. பதினைந்தாயிரம் என்று கேட்டதற்கே டீக்கடைக்காரர் வாயைப் பிளக்கிறார். ஸ்டாண்டு இல்லை, கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை, பெல்லும் இல்லை. "எல்லாம் கழட்டிட்டுத்தான் குடுத்தானுங்களா?" என்று அனுதாபத்தோடு கேட்கிறார்.

கழற்றியதுதான் பெருமை என்று அவருக்கு எப்படி விளக்குவது? பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று உலக சைக்கிள் சங்கமே 2000-ஆம் ஆண்டு முதல் விதி வைத்திருக்கிறது. நம்மவர் எந்தப் பந்தயத்திலும் கலந்துகொண்டதில்லை என்றாலும் அந்த எல்லையை நோக்கி கிராம் கிராமாக முன்னேறுகிறார். போன மாதம் கார்பன் ஹேண்டில்பார் மாற்றி 200 கிராம் குறைத்தார். செங்குத்தான சாலையில் மெதுவாக ஏறும்போது உழைப்பில் பெரும்பகுதி எடையைத் தூக்குவதற்கே போகிறது. அந்தக் கணக்கு இவருக்கு மனப்பாடம். ஆனால் மலை, சைக்கிளின் எடையையும் சைக்கிள்காரரின் எடையையும் சேர்த்துத்தான் நிறுக்கிறது. இரண்டும் சேர்ந்து 93 கிலோ. அதில் 200 கிராம் போனால், இரண்டு மணி நேர ஏற்றத்தில் சுமார் 15 வினாடி மிச்சமாகும். அந்த 15 வினாடியை வாங்க இவர் கொடுத்தது ஒரு மாத வீட்டு வாடகை. சனிக்கிழமை ராத்திரி நாலாவது பரோட்டாவை வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அதே 200 கிராம் இலவசம். இதை அவரிடம் யாரும் சொல்வதில்லை. சொன்னால், "அது கார்போ லோடிங், ஏத்தத்துக்கு முந்தி மாவுச்சத்து சேக்கறதுங்க" என்பார்.

இனி மலை. ஒவ்வொரு வளைவிலும் நெடுஞ்சாலைத் துறை பலகை வைத்திருக்கிறது: 1/40, 2/40, 3/40. பரீட்சைத் தாளில் சிவப்பு மையில் போட்ட மார்க் போலவே இருக்கும். நூற்றுக்கு 35 பாஸ் என்ற நம் பழைய கணக்குப்படி 14-ஆவது வளைவில்தான் இவர் பாஸாகிறார். அதுவரை பெயில். ஐந்தாவது வளைவில் இருக்கிற கியரிலேயே சின்னதற்கு மாற்றிவிட்டு, அதற்கும் சின்னதைத் தேடி விரல் இன்னொரு தரம் அழுத்திப் பார்க்கும். அங்கே எதுவும் இருக்காது. ஏழாவது வளைவில் கடவுள் நம்பிக்கை வரும்.

ஒன்பதாவது வளைவில் நின்று பார்த்தால் ஆழியாறு அணை முழுவதும் கீழே விரிந்து கிடக்கும். லோம்ஸ் வியூ என்று பெயர். சுற்றுலாக்காரர்கள் காரை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கிற இடம். நம்மவரும் கட்டாயம் நிற்பார், காட்சிக்காக என்று சொல்லிக்கொண்டு. மூச்சு வாங்குவதற்கு இவ்வளவு கௌரவமான காரணம் அந்த மலையில் வேறெங்கும் கிடைக்காது. அந்தப் பக்கத்துப் பாறைகளில் வரையாடுகள் மேயும். தமிழ்நாட்டின் மாநில விலங்கு. சுவராட்டம் நிற்கும் பாறையில் கியரும் எலக்ட்ரோலைட் பொடியும் இல்லாமல் ஏறி நின்று, புல்லை மென்றபடி இவரைப் பார்க்கும். வால்பாறை ரோட்டில் இவர் நேருக்கு நேர் பார்க்கத் தயங்குகிற ஒரே ஜீவன் அது.

மனிதர்கள் அப்படி இல்லை, இரக்கப்படுகிறார்கள். அரசுப் பேருந்து பின்னால் வந்து வேகத்தைக் குறைக்கும். கண்டக்டர் படியில் எட்டிப் பார்த்து, "சார், செயின் போயிருச்சுங்களா? ஏறிக்கறீங்களா? சைக்கிள உள்ளார வெச்சுக்கலாமுங்க" என்பார். மூன்று லட்ச ரூபாய்ச் சைக்கிளில் வேண்டுமென்றே ஒருத்தர் கஷ்டப்படுவார் என்பது அவர் சர்வீஸில் பார்க்காத சங்கதி. நம்மவருக்குப் பேச மூச்சு இல்லாததால் கையை மட்டும் ஆட்டுவார். எஸ்டேட் வேலைக்குப் போகிற அம்மா, "இன்னும் ரெண்டே வளைவுதான் தம்பி" என்று ஆறுதல் சொல்வார். பலகை 22/40 என்கிறது. அந்த அம்மா பொய் சொல்லவில்லை. தம்பி என்று கூப்பிட்ட அந்த வார்த்தையின் தெம்பில் உண்மையிலேயே இரண்டு வளைவு வேகமாகப் போய்விடும்.

பிரான்சில் அல்ப் தூயெஸ் என்று ஒரு மலைச்சாலை. 1952-இல் டூர் டி பிரான்ஸ் பந்தயம் முதன்முதலாக அங்கே ஏறியபோது ஃபாஸ்டோ கோப்பி ஜெயித்தார். அதிலிருந்து உலக சைக்கிள்காரர்களுக்கு அது கோயில். "அங்க மொத்தமே 21 வளைவுதானுங்க. நம்முளுது நாப்பது!" என்று இவர் சொல்லும்போது கொங்கு நாடே நிமிர்ந்து உட்காரும். கோப்பி ஏறிய சாலை சராசரியாக 8 சதவீதச் சரிவு, அதாவது நூறு மீட்டர் போனால் எட்டு மீட்டர் உயரம் என்பதையும், வளைவு கூடினால் சரிவு கூடியதாக அர்த்தமில்லை என்பதையும் அந்தச் சமயத்தில் நினைவுபடுத்துவது நாகரிகம் ஆகாது. உண்மையில் கொண்டை ஊசி வளைவைப் போடுவதே சரிவைக் குறைத்து வண்டியை மேலே கொண்டுபோகத்தான்.

யானை பற்றியும் இவரிடம் ஒரு கதை தயாராக இருக்கிறது. நிஜ யானை வந்தால் கதை கிடையாது. மணிக்கு எட்டு கிலோமீட்டரில் ஏறுகிறவரை அது மூன்று மடங்கு வேகத்தில் துரத்தும். எனவே தூரத்தில் யானை லத்தியைப் பார்த்தாலே சைக்கிளைத் திருப்பி, லாரி ஏதாவது வரட்டும், அதன் பின்னால் போகலாம் என்று பணிவாகக் காத்திருப்பார். இதில் மட்டும் இவரைக் கிண்டல் செய்ய முடியாது. புலிகள் காப்பகத்தில் புத்திசாலி செய்வது அதைத்தான்.

பெரிய துயரம் வேறு. ஹேண்டில்பாரில் மாட்டிய ஜிபிஎஸ் கருவி 36-ஆவது வளைவில் சார்ஜ் தீர்ந்து அணைந்துபோகும். ஓட்டிய தூரத்தைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியில் ஏறாத நாலு வளைவுக்காக இவர் ஒரு வாரம் துக்கம் காப்பார். ஏறியது கால்தான், வலித்தது முட்டிதான், ஆனாலும் சாட்சி போய்விட்டதே!

இவ்வளவு பாடு எதற்கு? திங்கள் முதல் சனி வரை கம்பெனியில் இவர் எதைச் சொன்னாலும் "சரிங் சார்" என்று தலையாட்டப் பத்துப் பேர் இருக்கிறார்கள். இவர் ஜோக் அடித்தால் சிரிக்கிறார்கள். தப்பாகக் கணக்குப் போட்டாலும் சரியென்கிறார்கள். டீலர் தள்ளுபடி தருகிறார், பேங்க் மேனேஜர் எழுந்து நிற்கிறார். மலைக்கு இவர் விசிட்டிங் கார்டைப் படிக்கத் தெரியாது. ஒரு மீட்டரைக்கூடத் தள்ளுபடி செய்யாது. அங்கே கிடைக்கிற ஒவ்வொரு அடியும் இவர் காலால் சம்பாதித்தது. சிபாரிசில் வந்தது ஒன்றும் இல்லை. வாரத்தில் ஒரு நாளாவது தன் உண்மையான மதிப்பெண்ணைத் தெரிந்துகொள்ளக் காசு கொடுக்கிற மனிதரை முட்டாள் என்று சொல்லிவிட முடியாது. கொஞ்சம் அதிகமாகக் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான்.

ஆகவே அந்தச் சாலையில் காரில் போகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். இவரைக் கண்டால் வளைவில் ஹாரன் அடித்துப் பதறவைக்காதீர்கள். மேலே ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை. அந்த விதியைப் பக்தியோடு படித்திருப்பவர் இவர் ஒருவரே. நன்றாக இடம்விட்டு, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போங்கள். முப்பதாவது வளைவுக்கு மேலே மட்டும் கண்ணாடியை இறக்கி, "ஏறிக்கறீங்களா?" என்று தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள். கண்டக்டரிடம் கையை ஆட்டியபோது அவர் பத்தாவது வளைவில் இருந்தார். இப்போது சைக்கிளை எப்படி உள்ளே வைப்பது என்றுதான் கேட்பார்.