நோட்டீஸ் பீரியட் நண்பர்

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில், மத்திய கைலாஷ் தொடங்கி சிறுசேரி வரை பரவலாகக் காணப்படுபவர் நோட்டீஸ் பீரியட் நண்பர். ஆண்டின் பெரும்பகுதி கண்ணில் படமாட்டார். பெஞ்சில் உட்கார வைத்தாலோ, அப்ரைசலில் கைவிரித்தாலோ அவருக்குள் நட்பு பொங்கும். பேப்பர் போட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம். நோட்டீஸ் 90 நாள் என்றால் நட்பின் ஆயுளும் ஏறக்குறைய அதுதான்.

முதல் அறிகுறி, வாட்ஸ்அப்பில் வரும் ‘ஹாய் மச்சி, எப்படி இருக்க?’ அதற்கு நேர் மேலே 2019 தீபாவளிக்கு அந்த மச்சி அனுப்பிய வாழ்த்து, நீல டிக்கோடு, பதிலின்றிக் கிடக்கும். அடுத்து நலம் விசாரிப்பு. கல்யாணமே ஆகாதவனிடம் ‘பையன் எந்த கிளாஸ்?’ என்பார். நான்காவது செய்தி பிடிஎஃப். கோப்பின் பெயர் ‘ரெஸ்யூம் ஃபைனல் புதுசு 3’.

லிங்க்ட்இனில் இன்னும் சுறுசுறுப்பு. பச்சை வளையம் மாட்டிய படத்தோடு கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் ‘கங்க்ராட்ஸ் ப்ரோ’ போடுவார். வேகத்தில், வேலை போனதைச் சொல்லி எழுதியவருக்கும் ஒன்று விழுந்துவிடும்.

சமூகவியலும் இவர் பக்கம்தான். மார்க் கிரானவெட்டர் 1973-ல் வெளியிட்ட கட்டுரைப்படி, தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்த்தவர்கள் 16.7 விழுக்காடுதான், எப்போதாவது பார்த்தவர்கள் 55.6, அபூர்வமாகப் பார்த்தவர்கள் 27.8. உயிர் நண்பனுக்குத் தெரிந்த காலியிடம் பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். புதுச் செய்தி தூரத்து ஆளிடம்தான் இருக்கும். ஆனால் அந்தத் தூரத்து ஆள் ரெஃபரல் படிவத்தைத் திறந்து, ‘இவரது வேலை எப்படி?’ என்ற கட்டத்தில் ஏதாவது எழுதியாக வேண்டும். நண்பரைப் பற்றி அவருக்கு நினைவிருப்பது, டீம் லஞ்சில் இரண்டு பிரியாணி சாப்பிட்டது மட்டுமே.

அதே மாடியில் எதிர்வகை ஒருவரும் உண்டு. ரிலீஸ் இரவில் லாக் படிக்கத் தெரியாமல் முழித்த ஜூனியரின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு விடியும்வரை உட்கார்ந்தவர். வேலை மாறிப் போன அந்த ஜூனியருக்கு அவ்வப்போது போன் போட்டு, எதையும் கேட்காமல் வைப்பவர். இவர் பேப்பர் போட்ட சேதி பரவியதும், ‘ரெஸ்யூம் அனுப்புங்கண்ணே’ என்று அங்கிருந்தே அழைப்பு வரும். இவருடைய ரெஸ்யூமோ இரண்டு வருடம் பழையது.

நோட்டீஸ் பீரியட் நண்பருக்கும் எப்படியோ ஆஃபர் கிடைத்துவிடும். ரெஃபர் செய்தவருக்கு அந்தச் செய்தி எச்.ஆர். சொல்லித்தான் தெரியும். ஆறு மாதம் கழித்து அவரே ஒரு ரெஃபரல் கேட்டால், மறுநாள் பதில் வரும்: ‘இப்பதான மச்சி ஜாயின் பண்ணேன், கொஞ்சம் செட்டில் ஆகிக்கிறேன்.’