புதுப் பம்பும் பழைய இதழும்

வாலே மருமவனே. எஞ்சினுக்குப் புதுத் தண்ணி பம்பு வாங்கி, பனிமய மாதா கோயில்ல மந்திரிச்சுட்டு வந்திட்டியாமே. ரொம்ப நல்ல காரியம். சாமியார் தெளிச்ச தீர்த்தம் பம்புக்கு வெளியில பட்டிருக்கும். உள்ள கடத்தண்ணி ஏறணும்லா, அதுக்கு யாரு பொறுப்பு?

மொதல்ல அடிவால்வ அடைச்சியா? அடைக்காமலே கழட்டுறதுன்னாலும் கழட்டு. கடலே உன்னத் தேடிப் போட்டுக்குள்ள வந்துரும், டீசல் மிச்சம்.

ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம். 61 நாளு கரையில கெடக்குத போட்டு. அம்புட்டு நாளும் எஞ்சின் ரூம எட்டிப் பாக்காம, கடைசி வாரத்துல ஸ்பேனரத் தேடுத பாரு, அந்தச் சுறுசுறுப்ப நான் எங்கயும் கண்டதில்ல.

பம்புக்குள்ள பெரிய வித்தை ஒண்ணும் இல்லலே. ரப்பர் இம்பெல்லர், அதச் சுத்தி இதழு. கூட்டுக்குள்ள ஒரு பக்கம் மேடு வச்சிருக்கான். மேட்டுல ஏறும்போது இதழு மடங்கித் தண்ணியத் தள்ளும், தாண்டுனதும் விரிஞ்சு உறிஞ்சும். அதுக்குத் தனியா எண்ணெய் கெடையாது, அது உறிஞ்சுத தண்ணிதான் எண்ணெய். மாமியா வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ள கணக்கா, வந்ததும் தண்ணி குடுத்துரணும். ஒரு நிமிசம் தப்புனாலும் மொகம் கருகிப் போகும். அடைச்ச வால்வத் திறக்காம ஸ்டார்ட் பண்ணுனவன் எத்தன பேரு! மறுநாளே கடையில அடுத்த இம்பெல்லர். கடைக்காரன் பிள்ள படிக்கதே ஒங்கள மாதிரி ஆளாலதான்.

அப்புறம், பழைய பம்புக்கு அடியில சொட்டுதுன்னு ஒரு ஓட்டைய எம்சீல் வச்சு அடைச்சியே, அந்த மூளைய யாருகிட்ட கடன் வாங்குன? அது சொட்டுறதுக்குன்னே வச்ச ஓட்டைலே. தண்ணிப் பக்கம் ஒரு சீல், ஆயில் பக்கம் ஒரு சீல், நடுவுல இந்த ஓட்டை. தண்ணி சொட்டுனா தண்ணி சீல் போச்சு, ஆயில் சொட்டுனா ஆயில் சீல் போச்சு. வாய அடைச்சுப்புட்டா உப்புத்தண்ணி எங்க போகும்? ஆயிலுக்குள்ளதான். டிப் ஸ்டிக்க உருவிப் பாரு. ஆயில் வெளுத்திருந்தா மீன்பிடிய விட்டுட்டு ஹார்பர் வாசல்ல டீக்கடை போட்டுரலாம். பால் செலவு இல்ல.

இம்பெல்லரச் சொருகும்போது தாராள மனசக் காட்டி கிரீஸ அப்பாத, ரப்பர் ஊதிரும். சோப்புத்தண்ணி போதும். சுத்துற திசைக்கு எதிர்ப்பக்கமா எல்லா இதழையும் சாய்ச்சு வை. மூடிக்குப் பம்போட வந்த கேஸ்கெட்டையே போடு. மவ நோட்டு அட்டைய வெட்டிப் போட்டா இடைவெளி கூடிப் போகும், பம்பு சுத்தும், தண்ணி வராது. பிள்ளைக்கு நோட்டும் போச்சு.

செரி, கழட்டுன பழைய இம்பெல்லர எங்க? காட்டு. ஆறு இதழுல நாலுதான் இருக்கு. மிச்ச ரெண்டையும் சாளை மீனு தின்னுட்டுப் போயிட்டா? தண்ணி போன வழியிலதான் அதுவும் போயிருக்கும். கூலர் டியூபு வாயில ஒட்டிக்கிட்டு ஜம்முனு ஒக்காந்திருக்கும். நீ பத்துப் பம்பு மாத்து, பத்தையும் மந்திரி, எஞ்சின் சூடாகிட்டேதான் இருக்கும். பம்பு வாங்குன ரசீத கூலர்கிட்ட நீட்டுனா, அது என்ன எழுத்துக்கூட்டிப் படிக்கவா போகுது?

இதழு ஏன் பிய்ஞ்சுதுன்னு கேட்டியா? அதுவும் கேக்கல. உறிஞ்சுக் குழாய்ச் சல்லடையத் தூக்கிப் பாரு. பாசியும் பிளாஸ்டிக் பையுமா அடைச்சுக் கெடந்தா தண்ணி எங்கிட்டு வரும்? பட்டினியில ஓடித்தான் அது செத்திருக்கு.

சல்லடையக் கழுவு. கூலர் ரெண்டு பக்கத்து மூடியையும் கழட்டு. அங்க இல்லன்னா குழாய் வளைவுல கெடக்கும், அதையும் அவுத்துப் பாரு. ரெண்டு துண்டும் கைக்கு வராம எஞ்சின ஸ்டார்ட் பண்ணாத, சொல்லிட்டேன்.